நாலு முனைக் கொண்டை

"ஐயா, இது என்ன சாதின்னு கோழிக்குத் தெரியுமா?"

பரவைச் சந்தையில் வலது கையில் ஒரு பெட்டைக் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இடது கையில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நான் தவித்தபோது, ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். பெயர் ஜெயக்கொடி. நீண்ட காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் என்பது அவள் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தெரியாதம்மா. அதைச் சொல்லத்தான் சங்கத்தார் என்னை நியமித்திருக்கிறார்கள்" என்றேன்.

"நீங்க சொன்னப்புறம் தெரிஞ்சுக்கிருமா?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. கோழி சிறகடித்ததில் என் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. ஜெயக்கொடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

நான் மதுரையில் தமிழ் வாத்தியார். விடியற்காலையில் குளித்து, விபூதி இட்டு, அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடம் போகிறவன். கோழியோடு எனக்கு இருந்த ஒரே உறவு, அது கூவினால் எழுந்திருப்பது. அப்படிப்பட்ட நான் பட்சி அபிவிருத்திச் சங்கத்தின் கௌரவ இன நிர்ணயர் ஆன விதத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சங்கம் மேல மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. அதற்கு அக்கிராசனர் ராவ் சாகிப் மலையாண்டி. பன்றி ஒழிப்பு இயக்கத்துக்காக அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கிடைத்ததென்றும், கோழி வளர்ச்சிக்காக ராவ் பகதூர் கிடைக்கக்கூடுமென்றும் பேசிக்கொண்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பண்டிதரே, கோழியைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாதுங்க."

"சாப்பிட்டது உண்டா?"

"சிவ சிவா. இல்லைங்க."

"அப்படியானால் நீர்தான் தகுந்தவர். இதற்கு முன்னால் நிர்ணயராக இருந்தவர்களுக்குக் கோழி விஷயம் நன்றாகத் தெரியும். பரிசோதனைக்கு வந்த கோழி ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை."

அப்போதே எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் மேஜையைத் திறந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்தார். அதில் சேவல் உருவமும் சங்கத்தின் பெயரும் பொறித்திருந்தன. சட்டையில் குத்திப் பார்த்தேன். பார்த்தபிறகு கழற்ற மனம் வரவில்லை. மறுநாள் கோயிலில், அம்பாளுக்கும் தெரியட்டும் என்று மேல்துண்டைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றேன் என்றால் என் பக்தியின் ஆழம் உங்களுக்கு விளங்கும்.

நான் சேருவதற்கு முன்பே சங்கம் ஒரு மகத்தான காரியம் செய்திருந்தது. சீமையிலிருந்து உயர்ந்த இனச் சேவல்களையும் கோழிகளையும் வரவழைத்தது. மதுரை ரயிலடியில் மேளதாளத்தோடு வரவேற்பு நடந்தது. ராவ் சாகிப் ஒவ்வொரு சேவலுக்கும் மாலை போட்டார். மாலையின் கனத்தில் ஒன்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது, பிறகு எழுந்திருக்கவில்லை. மற்றவை சித்திரை வெயிலையும் கழிச்சல் நோயையும் பார்த்துவிட்டு, ஆடி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தன. சங்க நடவடிக்கைக் குறிப்பில் "செத்தன" என்று எழுத ராவ் சாகிப் சம்மதிக்கவில்லை. "பணியிலிருந்து விடுபட்டன" என்று எழுதச் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து செய்தி வந்தது. சீமைக்கோழிகளின் சந்ததி எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க ஒரு நிபுணர் வரப்போகிறார். பரவையில் கண்காட்சி நடத்த வேண்டும். பெரிய கார்த்திகைக்கு முதல் நாள் என்று தேதி குறிக்கப்பட்டது.

செயற்குழு கூடியது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராவ் சாகிப் மட்டும் கலங்கவில்லை.

"உயர்ந்த இனம் செத்தாலும் அதன் உயர்வு சாகாது. இதற்குள் அது கிராமங்களில் கலந்து பரவியிருக்கும். இல்லை என்று யார் நிரூபிக்க முடியும்? நாம் புதிதாகக் கோழி வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருப்பதை அடையாளம் கண்டால் போதும். அதற்குத்தான் நம் பண்டிதர் இருக்கிறார்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வில்லையைப் பார்த்துக்கொண்டேன்.

சங்கம் கொடுத்த புத்தகத்தில் கோழி இனங்களின் லட்சணங்கள் வரிசையாக இருந்தன. கொண்டையின் முனை, செவிமடலின் நிறம், காலின் நிறம், இறகின் கோலம். அகராதியை வைத்துக்கொண்டு ராப்பகலாகத் தமிழாக்கினேன். மெட்ரிகுலேஷனில் ஆங்கிலத்தில்தான் தவறினேன் என்பதை ராவ் சாகிப் கேட்கவும் இல்லை. நான் சொல்லவும் இல்லை.

உயர்ந்த இனம் என்று சர்டிபிகேட் பெறும் கோழிக்காரருக்கு ஒரு கம்பிக் கூண்டும் ஒரு மூட்டைக் கம்பும் பரிசு என்று தமுக்கு அடித்தார்கள். சந்தைக் கொட்டகையில் நான் மேஜை போட்டு உட்கார்ந்தேன். முதல் நாளே செவிமடலில் இடறினேன். கோழிக்குக் காது உண்டு என்பதே எனக்குச் செய்தி. கொண்டைக்குப் பின்னால் தேடினேன். சிறகுக்கு அடியில் தேடினேன்.

ஜெயக்கொடியின் தாய் முத்துத்தாய் தலையில் புல்லுக்கட்டோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தைய்யா தேடுறீக?"

"காதைத் தேடுகிறேன் அம்மா."

"கன்னத்துப் பக்கம் பாருங்க. நீங்க போற வேகத்துக்கு வால் வந்துரும்."

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் "கன்னம்" என்று குறித்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்ததும் ஆனையூரிலிருந்து சுருளி என்பவர் ஒரு கோழியைக் கொண்டுவந்தார். கொக்குப் போல வெள்ளை. புத்தகத்தில் வெள்ளை இனம் ஒன்று படத்தோடு இருந்தது. இறகைத் தடவினேன், சற்றுச் சொரசொரப்பாக இருந்தது. அதுவும் ஓர் உயர்ந்த லட்சணம் போலும் என்று நினைத்துச் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். சுருளி கூண்டையும் கம்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மழை வந்தது. கோழி கொட்டகைக்கு வெளியே நின்றது. வெள்ளை, இறகு இறகாக வடிந்து மண்ணில் ஓடியது. உள்ளேயிருந்து செவலைக் கோழி ஒன்று வெளிவந்து தலையை உதறிக்கொண்டது. சுண்ணாம்பு.

கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது.

"வாத்தியாரு நல்லா வாங்கிட்டாருடா."

"சுருளிகிட்ட எம்புட்டு வாங்குனீக? எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாங்களும் குடுத்திருப்போம்ல?"

பிள்ளைகளுக்கு நன்னெறி சொல்லிக்கொடுத்தே நரைத்தவன் நான். கண்ணாடியில் மழைநீர் வழிந்தது. அது மழைநீர்தானா என்பதைப் பற்றி இங்கே நான் ஆராயவில்லை.

முத்துத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏண்ணே, உங்களுக்குப் புத்தி இருக்கா? லஞ்சம் வாங்குற மனுசன் கோழியத் தலைகீழாப் பிடிப்பாரா? எதை வாங்குறோம்னு தெரிஞ்சாத்தானே அதுல காசு பாக்க முடியும்? இவருக்குக் கோழியும் தெரியலை, சுண்ணாம்பும் தெரியலை. விடுங்கண்ணே, பாவம்."

சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு கூட்டம் கலைந்தது. என் நாணயத்துக்கு என் அறியாமையே சாட்சியாக நின்று என்னைக் காப்பாற்றியது. அத்தோடு அவள் விடவில்லை. மழைக்குத் தன் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்த சாக்கை எடுத்து என் தலையில் கவிழ்த்து, "ஊருக்குப் போயிச் சேருங்க. நனைஞ்சா காய்ச்சல் வரும். காய்ச்சல்னா எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டு, தான் நனைந்துகொண்டே போனாள்.

சங்கம் இந்தச் சம்பவத்தைப் பரிசீலித்தது. சர்டிபிகேட்டை ரத்து செய்தால் சங்கத்தின் மதிப்புக் குறையும் என்பதால், "பூர்வத்தில் வெள்ளை" என்று அதில் ஒரு வரி சேர்க்கத் தீர்மானித்தார்கள்.

பிறகு ஒரு நாள் ராவ் சாகிப்பே என்னோடு பரவைக்கு வந்தார். தெருத் தெருவாகப் போனோம். ஒரு வேலியின்மேல் நின்ற சேவலைக் கண்டதும் புத்தகத்தைப் பிரித்தேன். ஒவ்வோர் இறகிலும் சாம்பலும் கறுப்புமாகக் குறுக்கு வரிகள். மஞ்சள் கால். சிவந்த செவிமடல், இப்போது எனக்கு இடம் தெரியும். புத்தகத்தில் அமெரிக்க இனம் ஒன்றின் படம் அச்சாக இப்படியே இருந்தது. புத்தகமும் கோழியும் ஒத்துப்போவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒன்று மட்டும் உதைத்தது. புத்தகத்தில் கொண்டைக்கு ஐந்து முனை. இதற்கு நாலு.

"ஒன்று குறைகிறதுங்க" என்றேன்.

"குறைந்தால் அது குறை அல்ல, பண்டிதரே, அது வகை. இந்த மண்ணில் புதிதாக உண்டான வகை. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எனக்கு விளம்பரம் பிடிக்காது. ஆகையால் மலையாண்டி வகை என்று சுருக்கமாகவே எழுதும்."

ஜெயக்கொடி குடிசையிலிருந்து ஓடிவந்தாள். "அதைப் பிடிக்காதீக. அது எங்களுது இல்லை. முருகனோடது."

"யார் அந்த முருகன்? வரச் சொல். ரசீதில் கையெழுத்துப் போடட்டும்" என்றார் ராவ் சாகிப்.

சேவலைச் சங்கத்து ஆள் பிடித்துக் கூண்டில் அடைத்தான். நான் சர்டிபிகேட் எழுதுவதில் மூழ்கியிருந்தேன். எழுத்து அன்று மிக நன்றாக வந்தது.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த முத்துத்தாய் மூச்சிரைக்கச் சந்தைக் கொட்டகைக்கு ஓடிவந்தாள்.

"ஐயா, அந்தச் சேவலைக் குடுத்துருங்க. பிள்ளை காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கெடந்தப்ப, பொழச்சா உனக்குச் சேவல் விடுறேன்னு குன்றத்து முருகனுக்கு நேந்துக்கிட்டேன். நேந்துவிட்ட சேவலுக்குக் கடைசி முனையை நறுக்கிவிடுறது எங்க வழக்கம். அதுக்கப்புறம் அதை விக்கப்படாது, திங்கப்படாது, வெரட்டவும் படாது. பெரிய கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றத்துல கொண்டுபோய் விடணும்."

மலையாண்டி வகை எப்படி உண்டானது என்பது எனக்கு அப்போது புரிந்தது. அரிவாள்மணையில்.

"வேறு சேவல் விட்டால் ஆகாதா அம்மா?"

"பேரைச் சொல்லி நறுக்கியாச்சுய்யா. இதுதான்னு அவருக்குத் தெரியும். ஏமாத்திட்டு வந்து, பிள்ளைக்கு மறுபடி உடம்பு சுட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

ராவ் சாகிப்பிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை நிதானமாக மென்றார்.

"பண்டிதரே, நீர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உண்மைக்கு ஒரு சங்கம் எதற்கு? உண்மை ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. சர்டிபிகேட்தான் இல்லை. அதைக் கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம். அந்த அம்மாளுக்குச் சர்டிபிகேட்டின் நகல் ஒன்று கொடும். சேவலுக்குப் பதிலாக அதை உண்டியலில் போடட்டும். சங்க முத்திரை இருக்கிறது, முருகன் ஏற்றுக்கொள்வார்."

நகலை முத்துத்தாயிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அது இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. நாலு முனைக் கொண்டைக்குப் பரிசு என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியது. சுண்ணாம்பு மழையில் கரையும்; நறுக்கிய முனை கரையாது. பரவையிலும் ஆனையூரிலும் சேவல் வைத்திருந்தவர்களெல்லாம் இரவோடு இரவாக முனையை நறுக்கினார்கள். விடிந்து பார்த்தால் எல்லாச் சேவலும் மலையாண்டி வகை. நானும் மேஜையில் உட்கார்ந்து, முனைகளை எண்ணிச் சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுத்தால் ராவ் சாகிப்பின் ஆள், "அப்போ முதல்ல குடுத்தது எப்படிய்யா?" என்று கேட்பான். நான் அடுத்த சேவலின் முனைகளை எண்ணத் தொடங்குவேன்.

பரிசு வந்தது, ஆனால் சந்தை நின்றது. முனை நறுக்கிய சேவல் சாமிக்குரியது. எது நேர்ந்தது, எது சங்கத்துக்காக நறுக்கியது என்று யார் கண்டார்கள்? மதுரை மிலிட்டரி ஓட்டல்காரர் சந்தைக்கு வந்து, சேவல்களைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, முட்டை மட்டும் வாங்கிப் போனார். நறுக்கியவர்களே அறுக்கப் பயந்தார்கள். தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் சேவல்களைத் தெருவில் விட்டார்கள். அவை தானியக் கடைகளில் ஏறிக் கம்புக் குவியலில் நின்று கிளறின. கடைக்காரர்கள் விரட்ட அஞ்சி, "முருகா, கொஞ்சம் அங்கிட்டு உள்ள கடைக்கும் போ" என்று கைகூப்பினார்கள்.

கண்காட்சி நாளும் வந்தது. பந்தலில் ராவ் சாகிப் பேசினார்.

"சங்கம் தோன்றுமுன் இந்த வட்டாரத்தில் சேவல்கள் ஈவிரக்கமின்றி அறுக்கப்பட்டன. இன்று ஒருவரும் தொடுவதில்லை. காரணம் என்ன? இன மேன்மை. மேலான இனத்தைக் கண்டால் மனிதன் தானாகவே கை கூப்புகிறான். எனக்கும் அப்படித்தான் கூப்புகிறார்கள்."

சென்னை நிபுணர் கோட்டும் தலைப்பாகையுமாகக் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வரிச் சேவலின் முன்னால் நின்றார். பந்தல் ஓரத்தில் முத்துத்தாய் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி மறைத்தால் கோயில் வாசலை மிதிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. முன்னால் போனேன்.

"ஐயா, இது நாட்டுச் சேவல். அந்த அம்மாளுடையது. கொண்டையில் ஒரு முனை பிறவியில் இல்லாதது அல்ல, வேண்டுதலுக்காக நறுக்கியது."

"மற்றவை?" என்று கேட்டார் நிபுணர்.

"அவையும் நறுக்கியவைதாம். பரிசுக்காக."

"எல்லாமா?"

"எல்லாம்."

நிபுணர் ராவ் சாகிப்பைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு வட்டாரமே சேர்ந்து உட்கார்ந்து கொண்டையை நறுக்குமா? இவ்வளவு ஒற்றுமை நம் ஜனங்களுக்கு ஏது? இது தூய்மையின் லட்சணம். கலப்பில் இப்படி ஒரே மாதிரி வராது. இந்த மூலச் சேவலைச் சாயங்கால ரயிலில் சென்னைக்கு அனுப்புங்கள்."

"பண்டிதருக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை" என்றார் ராவ் சாகிப். "நாமெல்லாம் சாப்பிடப் போகலாம். அவர் நிழலில் கூண்டுக்குக் காவல் இருக்கட்டும்."

கார்த்திகை மாதத்தில், மேகம் மூடிய ஒரு நாளில், எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் விருந்து. சேவல் அறுக்க ஆள் கிடைக்காததால் பூசணிக்காய்ச் சாம்பார். முத்துத்தாய் மகளோடு ராவ் சாகிப்பின் பின்னாலேயே போய், வெளியே வரும்போது இன்னொரு தரம் காலில் விழலாம் என்று பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்துகொண்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சாம்பார் வாசனையைத் தொடர்ந்து போனார்கள். சந்தையில் நானும் கூண்டும் மட்டும் இருந்தோம்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போனது, தானியக் கடையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு செவலைச் சேவல். அதைப் பிடிக்க நான் பட்ட பாட்டில் வேட்டி கிழிந்தது. முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. கூண்டில் தொங்கிய அட்டையைத் திருப்பி, "சேவல்" என்று மட்டும் எழுதினேன். நிர்ணயர் பதவியில் நான் எழுதியவற்றில் பிழையில்லாதது அது ஒன்றுதான். சாயங்காலம் ராவ் சாகிப் கூண்டைப் பார்த்தார், நிபுணரும் பார்த்தார், இருவரும் தலையசைத்து அனுப்பிவைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த பதிலில், பறவை உயர்ந்த இனம்தான் என்றும், ரயில் பிரயாணத்தில் வரிகள் மறைந்து அது சிவப்பாகிவிட்டது என்றும், இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும் கண்டிருந்தது. தை பிறந்ததும் மலையாண்டி ராவ் பகதூர் ஆனார். நான் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சட்டையில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின.

அந்த மத்தியானத்தைத்தான் சொல்ல வந்தேன்.

வரிச் சேவலை மேல்துண்டால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக நடந்தேன். தலைகீழாகப் பிடிக்கவில்லை. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் துடித்தது. எவருடைய நெஞ்சு வேகமாகத் துடித்தது என்று சொல்ல என்னிடம் புத்தகம் இல்லை. ஒரு நாயும் குரைக்கவில்லை. தெருவில் ஒரு முகமும் இல்லை.

முத்துத்தாயின் வேலிப் படலை நகர்த்தி உள்ளே போனேன். முற்றத்தில் கோழி மூடும் பஞ்சாரக் கூடை ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கி, சேவலை உள்ளே விட்டு மூடினேன். மறுநாள் பெரிய கார்த்திகை. சேவலுக்குரியவரே கொண்டுவந்து விட்டார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அது பொய்யில்லை என்றே நானும் நம்புகிறேன். அவருக்கு அன்று வேறு ஆள் அகப்படவில்லை.

பக்கத்தில் இருந்த உடைந்த சட்டியில் தண்ணீர் வற்றியிருந்தது. பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றி, பஞ்சாரத்தைச் சற்றுத் தூக்கிச் சட்டியை உள்ளே தள்ளினேன். சேவல் குனிந்து குடித்தது, தலையை அண்ணாந்து விழுங்கியது, மறுபடியும் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை அங்கேயே குந்தியிருந்தேன். பிறகு காற்றுக்குச் சாயாமல் பஞ்சாரத்தின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, படலைச் சாத்திக்கொண்டு காவலுக்குத் திரும்பினேன்.